கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்: குளிரும் சரக்கும், வாசகர் கேள்வி பதில்

குன்னூர்ல ஒரு கிளப் பார்ல 27 வருஷம் பெக் மெஷரைக் கையில புடிச்சுட்டு நின்னவன் நான். ரிட்டயர் ஆகி வீட்ல உக்காந்திருந்தவனைக் கூப்பிட்டு ஒரு பக்கம் எழுதச் சொன்னாங்க, எழுதறேன். 21 வயசு ஆகாதவங்க இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருங்க, சட்டமும் அதான், என் பழக்கமும் அதான்.

அண்ணா, நாங்க ஆறு பேரு ஐ.டி.ல இருக்கோம், வர்ற வெள்ளிக்கிழமை ஊட்டி வர்றோம். பெங்களூரு மாதிரி அங்க ஹாப்பி அவர், காக்டெய்ல் பார்னு ஏதாச்சும் இருக்குங்களா, இல்ல ரூம்லயே தானா?
– சரவணம்பட்டி வாசகர்

தம்பி, பெங்களூரு மாதிரின்னு நெனச்சுட்டு வந்தா ஏமாந்துருவீங்க, அத மொதல்லயே சொல்லிடறேன். இங்க குடிக்க முறையான எடம் மூணு தான். டாஸ்மாக் கடையும் அத ஒட்டின பாரும் ஒன்னு, மத்தியானம் 12க்குத் தொறந்து ராத்திரி 10க்கு ஷட்டர் எறங்கிரும், அங்க காக்டெய்ல்னா பிராந்தில செவன் அப் ஊத்துறது. ரெண்டாவது கிளப்பு. அதுக்கு எஃப்.எல்.2 லைசென்ஸ், மெம்பர் யாராச்சும் கையப் புடிச்சு கூட்டிட்டுப் போனா தான் உள்ள விடுவாங்க, அதுவும் டி-ஷர்ட்டும் செருப்புமா போனா வாசல்லயே நிறுத்திருவாங்க. (ஸ்னூக்கர் ஆட்டத்த ஜபல்பூர்ல 1875ல ஒரு ஆபீசர் கண்டுபிடிச்சாலும் அதோட ரூல்ஸ எழுதி சுவத்துல மாட்டுனது நம்ம ஊட்டி கிளப்புல தான்னு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி சொல்லியே எனக்கு வாய் வலிச்சிருக்கு.) மூணாவது ஸ்டார் ஓட்டல் பாரு, எஃப்.எல்.3. நீங்க கேக்குற ஷேக்கர், ஐஸ், ஆலிவ் எல்லாம் இருந்தா அங்க தான் இருக்கும், அதுலயும் எல்லா ஓட்டல்லயும் கை தெரிஞ்ச ஆள் இருப்பான்னு சொல்ல முடியாது.

ஹாப்பி அவர், அதான் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் சலுகை ரேட்டுல ஊத்துறது, சில ஓட்டல்ல சாயந்தரம் வைப்பாங்க, சீசனுக்கு ஒரு மாதிரி, ஆஃப் சீசனுக்கு ஒரு மாதிரி. உக்காரும்போதே கேட்டுருங்க, ஒன் பிளஸ் ஒன்னுன்னா ரெண்டாவது கிளாஸும் அதே பிராண்டா, ரெண்டும் ஒரே நேரத்துல டேபிளுக்கு வந்துருமா, காக்டெய்லுக்கும் உண்டா இல்ல ஹவுஸ் பிராண்டுக்கு மட்டுமா, போர்டுல போட்ட ரேட்டுக்கு மேல என்னென்ன சேரும்னு. ரெண்டும் ஒன்னா வந்தா மாட்டிக்கிட்டீங்க, மொத கிளாஸ் முடிக்கும்போதே ரெண்டாவது உங்களப் பாத்துட்டு நிக்கும், வேகம் தானா கூடிரும். அயர்லாந்துல இதுக்காகவே 2003ல ஹாப்பி அவரையே தடை பண்ணிட்டாங்க, அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் 1984லயே பண்ணிருச்சு. இதுல ஒரு கூத்து இருக்கு, இந்தப் பேரே அமெரிக்க கடற்படைக் கப்பல்ல மாலுமிங்களுக்குப் பொழுது போகறதுக்காக பாட்டு, குத்துச்சண்டைன்னு ஒதுக்கி வச்ச நேரத்தோட பேரு, 1914ல அந்தக் கப்பல்ங்கள்ல சரக்கே கூடாதுன்னு சொல்லிட்டாங்க, பேரு மட்டும் பாருக்கு வந்து ஒட்டிக்கிச்சு.

அப்பறம் வண்டிக்கு இ-பாஸ் எடுத்துருங்க, அது இல்லாம செக்போஸ்ட்லயே ஹாப்பி அவர் முடிஞ்சுரும்.

மலை மேல ஏறுனா சரக்கும் சீக்கிரம் ஏறும்னு சொல்றாங்களே, நெசமா?
– திருப்பூர் வாசகர்

ஊட்டி 2,240 மீட்டர். அந்த ஒசரத்துல உங்க ரத்தத்துல ஏறுற அளவு திருப்பூர்ல ஏறுற அளவு தான், ஊத்துனது எவ்வளவு, வயித்துல சோறு இருக்கா, ஆள் என்ன வெயிட்டு, கணக்கு அவ்வளவு தான். ஆனா பாருங்க, காலைல டிபன் சாப்டாம கெளம்பி, 14 ஹேர்பின்ல ரெண்டு தடவ வாந்தி எடுத்து, குளிருக்குப் பயந்து தண்ணியே குடிக்காம, ரூமுக்கு வந்ததும் மொத வேலையா பாட்டில தொறந்தா ஏறாம என்ன பண்ணும்? பழிய மலை மேல போடாதீங்க.

எங்க அப்பா மார்க்கெட்ல கேரட் மூட்டை எறக்குறவரு. டிசம்பர் பனிக்கு ஒரு கட்டிங் பிராந்தி போட்டா தான் ஒடம்பு சூடாகும்னு சொல்றாரு. டாக்டர் அண்ணன் ஒருத்தர் அது தப்புங்கறாரு. யார் சொல்றது சரி?
– ஊட்டி வாசகி

ரெண்டு பேரும் பாதி பாதி சரிம்மா. அப்பாவுக்கு சூடாகுற மாதிரி தோணுறது பொய் இல்ல, உள்ள போன சரக்கு தோலுக்கு அடியில இருக்கற ரத்தக் குழாய விரிச்சு விட்டுரும், உள்ள இருந்த சூடான ரத்தம் தோலுக்கு வரும், கன்னம் காது எல்லாம் கதகதன்னு இருக்கும். அந்தச் சூடு எங்க இருந்து வந்துச்சு? உள்ள நெஞ்சு, வயித்துல இருந்து வந்துச்சு. அது தோல் வழியா வெளிய போயிட்டே இருக்கும், உள்ள ஒடம்பு குளிர்ந்துட்டே இருக்கும், நமக்குத் தெரியாது. நடுங்கறதும் கொறஞ்சுரும், ஒடம்பு தன்னைத்தானே சூடாக்கிக்கற வழியே அந்த நடுக்கம் தான்.

நான் கண்ணால பாத்தது ஒன்னு. ஜனவரி மாசம், புல்லு மேல உறைபனி வெள்ளையா கெடக்கு, ஒரு கெஸ்ட்டு மூணு லார்ஜ் போட்டுட்டு ஸ்வெட்டரக் கழட்டி நாற்காலில மாட்டிட்டு வராண்டால போயி உக்காந்துட்டாரு, குளுரவே இல்லைங்கறாரு. அரை மணி நேரம் கழிச்சுப் போயி தொட்டுப் பாத்தா கை மீன் மாதிரி சில்லுன்னு இருக்கு, பேச்சு கொழறுது, அது போதையா குளிரான்னு எங்களுக்கே தெரியல. கம்பளி சுத்தி, அடுப்புப் பக்கத்துல உக்கார வச்சு, சர்க்கரை போட்டு சூடா டீ குடுத்து தான் தேத்துனோம். அதனால அப்பாகிட்ட சொல்லுங்க, வேலை பாக்கும்போதும் வெளிய குளிர்ல நிக்கும்போதும் வேண்டாம். வீட்டுக்கு வந்து, கதவ சாத்தி, போர்வைக்குள்ள உக்காந்தப்பறம்னா அது அவரு இஷ்டம்.

அப்படி குடிக்கிறதுன்னா ஹாட் டாடி போட்டுக் குடுங்க, வர்ற சூடு தண்ணில இருந்தாவது நெசமா வரும். கிளாஸ்ல தேன் ஒரு ஸ்பூன், அரை எலுமிச்சம்பழம், கிராம்பு மூணு, ஒரு துண்டு பட்டை, இதுக்கு மேல 120 மில்லி கொதிச்ச தண்ணி, கடைசியா 45 மில்லி பிராந்தி. பிராந்திய அடுப்புல வச்சு காய்ச்சாதீங்க, ஆல்கஹால் 78 டிகிரிலயே ஆவியாகிரும், தீயும் புடிக்கும். நம்ம ஊட்டில தண்ணியே 92, 93 டிகிரில கொதிச்சுரும், கீழ மாதிரி 100 எல்லாம் வராது, அதனால பட்டை கிராம்ப அஞ்சு நிமிஷம் கூடவே ஊற விட்டா தான் சாறு எறங்கும். டாடிங்கற வார்த்தையே இந்தில கள்ளுக்கு சொல்ற தாடிங்கறதுல இருந்து இங்கிலீஷ்காரன் தூக்கிட்டுப் போனது. நம்ம கள்ளு இங்க 1987ல இருந்து தடைல கெடக்கு, அதோட பேரு மட்டும் உலகம் பூரா எல்லா பார் மெனுலயும் சுத்திட்டு இருக்கு.

சென்னைல ஆபீஸ் பார்ட்டில லாங் ஐலேண்ட் ஐஸ்டு டீன்னு ஒன்னு வாங்குனேன். எங்க அப்பா சின்ன தேயிலைத் தோட்டக்காரர், அந்தப் பாசத்துல தான் வாங்குனேன். டீயே இல்ல! ஏமாத்திட்டாங்களா?
– கோத்தகிரி வாசகி

ஏமாத்தல தங்கச்சி, அதுல டீ எப்பவுமே கெடையாது. வோட்கா, ஜின், வெள்ளை ரம், டக்கீலா, ஆரஞ்சு லிக்கர்னு அஞ்சு, ஒவ்வொன்னும் 15 மில்லி, மேல எலுமிச்சை, சர்க்கரைப் பாகு, கொஞ்சம் கோலா, அந்தக் கோலா கலருக்குத் தான் டீன்னு பேரு. கூட்டிப் பாருங்க, 75 மில்லி, ஒரு லார்ஜே 60 தான். இனிப்பா இருக்கேன்னு ஜூஸ் மாதிரி ரெண்டு கிளாஸ் உறிஞ்சிட்டு எழுந்திரிக்கும்போது தான் தரை நகருறது தெரியும். அப்பா போடுற பச்சை இலைக்கு கிலோவுக்குக் கெடைக்கிற காசுல அந்தக் கிளாஸ்ல ஒரு மொடக்கு கூட வராது, அது வேற வயித்தெரிச்சல்.

நெசமான டீ காக்டெய்ல் வேணும்னா நம்ம நீலகிரி இலைய மிஞ்ச ஆளே இல்லைன்னு நான் அடிச்சு சொல்லுவேன். மத்த ஊர் டீ எல்லாம் ஆற வச்சு ஐஸ் போட்டா கலங்கி பால் கலந்த மாதிரி ஆயிரும், நம்மளது கண்ணாடி மாதிரி தெளிவா நிக்கும், ஐஸ்டு டீக்கு நீலகிரிய தேடி வாங்குறதே அதுக்கு தான். வீட்டு டஸ்ட் தூள் வேண்டாம், முழு இலை ஆர்த்தடாக்ஸ் ரெண்டு ஸ்பூன், அரை லிட்டர் பச்சைத் தண்ணில போட்டு ராத்திரி பூரா பிரிட்ஜ்ல வச்சு வடிகட்டிக்கங்க. அதுல 120 மில்லி, வெள்ளை ரம்மோ ஜின்னோ 45 மில்லி, எலுமிச்சைச் சாறு 15, தேனும் தண்ணியும் சமமா கலந்த பாகு 15. உறைபனிக் காலத்துல பறிச்ச இலையா கெடைச்சா வாசனையே தனி, அத நான் ரம் இல்லாமயே குடிச்சுருவேன்.

நான் ஹாட்டே தொடறதில்ல, வெறும் பீர் தான், ஸ்ட்ராங்கு. வீட்ல ஏன் இப்படி திட்டுறாங்கன்னு தெரியல.
– பேரு வேண்டாம்னு எழுதுன அருவங்காடு வாசகர்

நம்ம ஊரு பிராந்தி, விஸ்கி, ரம் லேபிள்ல 42.8 சதம்னு போட்டிருக்கும், பக்கத்துல 25 யூ.பி.ன்னும் (அண்டர் புரூஃப்) இருக்கும். பழைய வெள்ளைக்காரன் கணக்குல புரூஃப்னா 57.1 சதம், அதுல நூத்துக்கு 25 பங்கு கொறைச்சா 42.8, அவன் போயும் அந்தக் கணக்கு போகல. இப்ப உங்க பாட்டிலுக்கு வாங்க. 650 மில்லி, ஸ்ட்ராங்னா 8 சதம் வரைக்கும். பெருக்குங்க, 52 மில்லி சுத்த ஆல்கஹால். ரெண்டு லார்ஜ் பிராந்தி 120 மில்லி, அதுல 51. அதாவது நீங்க ஒரு பாட்டில் பீர் அடிச்சா ரெண்டு லார்ஜ் அடிச்சாச்சு, ரெண்டு பாட்டில்னா நாலு லார்ஜ், குவாட்டரையும் தாண்டி இன்னொரு லார்ஜும் ஆச்சு. வீட்ல கணக்கு சரியா தான் போட்டிருக்காங்க.

எங்க நடுவட்டத்துல கொய்னா மரம் இன்னும் கொஞ்சம் நிக்குது. அதுக்கும் ஜின்னுக்கும் சம்பந்தம் இருக்குன்னு ஒரு டூரிஸ்ட் சொன்னாரு. என்ன கதை?
– நடுவட்டம் வாசகர்

இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தரலாம். மலேரியாவுக்கு அப்ப ஒரே மருந்து கொய்னா, அது தென் அமெரிக்கா ஆண்டிஸ் மலைல வளர்ற சிங்கோனா மரத்துப் பட்டை. 1860 வாக்குல வெள்ளைக்காரங்க அந்த விதையும் செடியும் அங்க இருந்து கொண்டு வந்து, ஊட்டி கார்டனைப் போட்ட மெக்ஐவர் பொறுப்புல தொட்டபெட்டாலயும் உங்க நடுவட்டத்துலயும் நட்டாங்க. தோட்ட வேலைக்கு சீனக் கைதிங்களக் கொண்டு வந்து வச்ச ஜெயில் உங்க ஊர்ல இன்னும் நிக்குதே, அது இந்த மரத்துக்காக வந்தது தான். அப்பறம் அங்கயே கவர்மென்ட் கொய்னா பேக்டரி.

கொய்னா கசப்பு எப்படின்னு மலேரியா வந்தவங்களுக்குத் தெரியும், நாக்குல வச்சா மூணு நாளைக்கு மறக்காது. இந்தியாவுல இருந்த வெள்ளைக்காரங்க அத சோடா, சர்க்கரை, எலுமிச்சையோட கலந்து, அதும் போதாம ஜின்னையும் ஊத்தி முழுங்குனாங்க, அது தான் ஜின் அண்டு டானிக். இன்னைக்கு கடைல வாங்குற டானிக் வாட்டர்ல கொய்னா துளியூண்டு தான், காய்ச்சலுக்கு அதக் குடிச்சுட்டு படுத்துராதீங்க. ஆனா இருக்கறது நெசம், பார்ல அந்த ஊதா லைட் இருந்தா கிளாஸ அதுக்கு நேரா புடிங்க, நீலமா மின்னும், அது கொய்னா. எங்க கிளப்புல சின்னப் பசங்களுக்கு வெறும் டானிக்க வச்சு இந்த வித்தை காட்டுவோம்.

கலக்குறது ஜின் ஒன்னுக்கு டானிக் மூணு, கிளாஸ் நெறைய ஐஸ். எலுமிச்சைக்குப் பதிலா மரத்தக்காளி ஒரு வில்லை, இல்ல தோட்டத்து ரோஸ்மேரி ஒரு கொத்து. தவிட்டுப்பழம் சீசன்ல நாலு பழத்த நசுக்கிப் போட்டா கலரும் வரும், புளிப்பும் வரும்.

ஜின்ல யூகலிப்டஸ் இலை, இல்ல நம்ம தைலம் ரெண்டு சொட்டு விட்டா வாசனையா இருக்குமா?
– குன்னூர் வாசகர்

தைலம் வயித்துக்குள்ள போனா விஷம் சாமி. தலைல தேய்ச்சுக்கங்க.

பெங்களூர்ல பண்ற சிங்கிள் மால்ட்ட வெளிநாட்டுல கொண்டாடுறாங்க. கொடைக்கானல் குளிர்ல பீப்பாய வச்சா ஸ்காட்லாந்து மாதிரியே வருமே, ஏன் யாரும் பண்ணல?
– கொடைக்கானல், ஓய்வுபெற்ற வாத்தியார்

ஐயா, பெங்களூரு அம்ருத் கம்பெனி 2004ல அவங்க மால்ட்ட மொத மொத விக்கப் போனதே ஸ்காட்லாந்துல இருக்கற கிளாஸ்கோவுக்கு, கொல்லன் தெருவுல ஊசி வித்த கதை, ஆனா வித்துக் காட்டிட்டாங்க. அவங்க பலமே குளிர் இல்லாதது. ஸ்காட்லாந்துல பீப்பாய்ல இருந்து வருஷத்துக்கு 2 சதம் போல ஆவியாகும், தேவதைங்க குடிச்ச பங்குன்னு அதுக்குப் பேரு. பெங்களூரு சூட்டுல அது 10 சதத்தையும் தாண்டும். நஷ்டம் தான், ஆனா மரத்தோட ருசி அவ்வளவு வேகமா எறங்குது, நாலஞ்சு வருஷத்துலயே அங்க பத்துப் பன்னெண்டு வருஷம் ஆன மாதிரி ஆயிருது. கொடைக்கானல்ல வச்சா அவங்கள மாதிரியே காத்துட்டு உக்காரணும்.

ஆனா மலைல சரக்க ஊற வைக்கிற யோசனை உங்களுக்கு மொதல்ல வந்தது இல்லீங்க. வாத்தியாருக்கு நான் சொல்லணுமா, சங்கப் பாட்டுல குறிஞ்சி நெலத்துக்காரங்க தேன் கள்ள நீளமான மூங்கில் குழாய்ல அடைச்சு முதிர வச்சு, தெளிஞ்ச தேறலாக்கி, சொந்த பந்தத்தோட ஒன்னா உக்காந்து குடிக்கிறாங்க. ஓக் பீப்பாய்க்குப் பதிலா மூங்கில்.

ஒரே ஒரு லார்ஜ் தான், ராத்திரி குன்னூர்ல இருந்து மேட்டுப்பாளையம் நானே ஓட்டிட்டு எறங்கிரலாமா?
– காரமடை வாசகர்

கூடாது. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல போனா மொத தடவைக்கே 10,000 ரூபா அபராதம், இல்ல ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். அது போலீஸ் கணக்கு. பர்லியார் வளைவுல பனிக்குள்ள யானை நின்னா அது வேற கணக்கு. ரூம் போடுங்க.

டாஸ்மாக்ல பாட்டிலுக்குக் கூட வாங்குற 10 ரூபாய, காலி பாட்டிலக் குடுத்தா தான் திருப்பித் தருவேங்கறாங்க, இது என்ன அநியாயம்?
– கூடலூர் வாசகர்

எனக்குப் பெருமையா இருக்கற சங்கதிங்க இது. ஹைகோர்ட் சொல்லி, 2022 மே மாசம் மொத மொத நீலகிரில தான் ஆரம்பிச்சாங்க. காட்டோரம் ஒக்காந்து குடிச்சுட்டு பாட்டிலப் பாறைல அடிச்சு ஒடைக்கிறது ஒரு கூட்டத்துக்கு வெளையாட்டு. யானைக்குப் பாதம் பாக்க தான் முரடு, அடில மெத்தை மாதிரி இருக்கும், கண்ணாடி ஏறுனா சீழ் புடிச்சு நடக்க முடியாம சாகும். ஸ்டிக்கர் கிழியாம கொண்டு போயி குடுங்க, காசு வந்துரும்.

வீட்டுக்காரர் காலைல எழுந்ததும் கை நடுங்குது, கொஞ்சம் போட்டா தான் நிக்குது. நாளைல இருந்து ஒரேயடியா நிறுத்தப் போறேன்னு சத்தியம் பண்றாரு. நம்பலாங்களா?
– பேரு, ஊரு வேண்டாம்

அம்மா, அவர் மனச நம்புங்க, ஆனா வீட்லயே ஒரேயடியா நிறுத்த விடாதீங்க. அந்த அளவுக்குப் பழகுன ஒடம்புல திடீர்னு நிறுத்துனா ரெண்டு மூணு நாளைக்குள்ள வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், உயிருக்கே ஆபத்து. நாளைக்கே கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மனநல டாக்டர பாக்கணும்னு சொல்லுங்க, மாத்திரை குடுத்து படிப்படியா எறக்குவாங்க. போன்ல பேசணும்னா 14416, காசு இல்ல, தமிழ்லயே பேசலாம். என் கூட கவுன்ட்டர்ல நின்ன ஒருத்தனுக்கு இது வந்து நாங்க யாரும் சொல்லாம விட்டுட்டோம், அதான் உங்க லெட்டரப் படிச்சதும் மத்ததை எல்லாம் ஓரமா வச்சுட்டு மொதல்ல இதுக்கு பதில் எழுதுனேன்.

எஸ்டேட் பங்களால எங்க கல்யாண நாளுக்கு 20 பேரு வர்றாங்க. ஆளாளுக்கு ஒன்னு கலக்க முடியாது, பெரிய பாத்திரத்துல ஒரே தடவையா கலக்குற மாதிரி ஏதாச்சும் சொல்லுங்க.
– கோத்தகிரி வாசகர்

பஞ்ச் போடுங்க. அஞ்சு சாமான் சேர்றதால அந்தப் பேரு, நம்ம பஞ்சாமிர்தத்துல இருக்கற அதே அஞ்சு தான்னு சொல்லுவாங்க, பழனிக்காரங்க கோவிச்சுக்காதீங்க. புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு ரெண்டு, சரக்கு மூணு, தண்ணி நாலு, அஞ்சாவது மசாலா. ஆளுக்கு 150 மில்லி கிளாஸ்ல ரெண்டுன்னு வச்சா ஆறு லிட்டர் வேணும், எலுமிச்சைச் சாறு 600 மில்லி (பழம் சின்னதா இருந்தா 30க்கு மேல புழியணும், கைக்கு ஆள் சேத்துக்கங்க), சர்க்கரைப் பாகு 1,200, ரம் 1,800, தண்ணிக்குப் பதிலா ஆற வச்ச லைட் டீ 2,400. மேல பர்லியார் ஜாதிக்காய் ஒன்னு வாங்கி துருவி விடுங்க. பாகைக் கொஞ்சம் கொறைச்சு ஊத்தி ருசி பாத்துட்டு சேருங்க, எனக்கு இந்தக் கணக்குல இனிப்பு ஜாஸ்தி. ஐஸ் சின்னச் சின்னதா போட்டா பத்து நிமிஷத்துல தண்ணி ஆயிரும், முந்தின நாள் ராத்திரியே டிபன் டப்பால தண்ணி ஊத்தி பெரிய பாளமா ஒறைய வச்சு அத அப்படியே மெதக்க விடுங்க.

ரம் ரெண்டு ஃபுல்லும் ஒரு ஆஃபும் வாங்குனா போதும், ஆளுக்கு ஒரு கட்டிங் அளவு தான் வருது. காலி பாட்டில் மூணு, மறக்காம கொண்டு போயிக் குடுங்க, 30 ரூபா.